"சரியா வர்ற வரைக்கும்": இணைய மனநல ஆலோசனையும் ஒரு 16 வயது விசுவாசியும்

நிகழ்வு

16 வயது மாணவி. தாய், தந்தை, ஒரு தம்பி. குடும்பமே சபைக்குப் போகிறவர்கள். அவளும் 13 வயதிலிருந்து வாலிபர் கூடுகையில் இருக்கிறாள். மூன்று மாதமாக இரவில் 5 மணி நேரத்துக்கு மேல் தூக்கம் இல்லை. இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். மதிப்பெண் சரிந்திருந்தது. பாட்டுக் குழுவில் முன்னால் நின்றவள் பின்வரிசைக்குப் போய்விட்டாள். எல்லாவற்றுக்கும் வீட்டில் சொன்ன காரணம் ஒன்றுதான்: போன்.

இவள் தனி ஒருத்தி அல்ல. வாலிபர் ஊழியத்திலும் ஆலோசனை அறையிலும் அடிக்கடி தலைகாட்டும் கூறுகளைக் கோத்து எழுதிய மாதிரி நிகழ்வு இது. வயது, வாரக் கணக்கு, அவளுடைய மதிப்பீட்டு எண்கள் எல்லாம் மாதிரிக்கு உரியவை. ஆய்வு, மருந்து, அளவுகோல், வேதபகுதி பற்றிய செய்திகள் மட்டும் உள்ளபடி உள்ளவை.

கூடுகை முடிந்ததும் பொறுப்பாளரிடம் அவள் கேட்டது இது: "அக்கா, ஆங்சைட்டி இருந்தா அது பாவமா? எனக்கு இருக்கிறது ஆங்சைட்டிதானா?"

முதல் கேள்வி விசுவாசத்தைப் பற்றியது, இரண்டாவது மருத்துவத்தைப் பற்றியது. ஒரே மூச்சில் கேட்டதால் கேட்டவர் காதில் ஒன்றாக விழுந்தது. பின்னால் நடந்த பிழைகளில் பாதி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதில் சொல்லப் போனதில் வந்தவை.

போனில் அவள் சேமித்து வைத்திருந்த வீடியோக்கள் 43. அதில் 22 மனநலப் பக்கங்களிலிருந்து வந்தவை, 21 பிரசங்கத் துணுக்குகள். "இந்த 5 அறிகுறி இருந்தா உனக்கு ட்ராமா" என்று ஒன்று. அடுத்ததே "பயம் ஒரு ஆவி, அதைத் துரத்து" என்று இன்னொன்று. ஏறக்குறைய எல்லாமே இரவு 11 மணிக்கு மேல் சேமித்தவை. இந்தச் செயலிகளுக்கு நோயும் தெரியாது, விசுவாசமும் தெரியாது. கட்டைவிரல் எங்கே நின்றது, எத்தனை நொடி நின்றது என்பதே அவற்றுக்குத் தெரியும். பயந்த பிள்ளையின் விரல் பயமுறுத்துவதில்தான் நிற்கும். அதனால் அதுவே மேலும் வரும். பிரசங்கத் துணுக்குக்கும் இதே விதிதான். பெரியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வசனம் போட்ட வீடியோவும் இணைய ஆலோசனைதான். சோதனையிலிருந்து அதற்கு விலக்கு கிடையாது.

முதல் நான்கு வாரம்

முதல் வாரம் அம்மா போனை வாங்கி வைத்தார். மூன்றாம் நாள் அவள் தோழியின் போனில் பார்க்கத் தொடங்கினாள். பார்ப்பது நிற்கவில்லை, பார்த்ததைப் பற்றிப் பேசுவதுதான் நின்றது. இரவு 10 மணிக்குப் பின் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும் என்பது நல்ல விதி. ஆனால் அது வீட்டில் எல்லாருக்கும் உள்ள விதியாக இருக்க வேண்டும். கேள்வி கேட்டதற்குத் தண்டனை என்று ஆகிவிட்டால் அடுத்த கேள்வி வராது.

இரண்டாம் வாரம் ஒரு மூப்பர் பிலிப்பியர் 4:6-ஐ எடுத்துச் சொன்னார்: "நீங்கள் ஒன்றுக்குங்கவலைப்படாமல்..." அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவள் அதைக் கட்டளையாகக் கேட்டுக்கொண்டாள். கவலைப்படுவதே கட்டளை மீறல் என்றால், கவலைப்பட்ட ஒவ்வொரு முறைக்கும் ஒரு பாவ அறிக்கை. வசனத்தில் எந்தக் குறையும் இல்லை. அதை எழுதிய பவுலே 2 கொரிந்தியர் 11:28-ல், எல்லாச் சபைகளைக்குறித்தும் உண்டாயிருக்கிற கவலை தன்னை நாள்தோறும் நெருக்குகிறது என்று எழுதுகிறார். இரண்டு இடத்திலும் மூலமொழியில் ஒரே வேர்ச்சொல். தமிழிலும் அதே ‘கவலை’. இரண்டையும் சேர்த்து வாசித்துக் காட்டியிருந்தால் இந்தச் சுமை ஏறியிருக்காது.

மூன்றாம் வாரம் பொறுப்பாளர் நல்ல பிரசங்கச் சேனல்கள் ஏழின் பட்டியலை அனுப்பினார். ஒரு ஓடையை அடைத்து இன்னொன்றைத் திறந்துவிட்ட கதையானது. அவள் அவற்றையும் இரவு 1 மணி வரை பார்த்தாள்.

நான்காவது பிழைதான் பெரிது, பார்வைக்கு மிக நல்லதாகத் தெரிந்ததும் அதுதான். அவள் இரவில் வாட்ஸ்அப்பில் கேட்பாள்: "அக்கா, மனசுக்குள்ள ஒரு கெட்ட வார்த்தை வந்துச்சு, அது தூஷணமா?" "இல்லம்மா, தேவன் உன் இருதயத்தை அறிவார், நிம்மதியா தூங்கு" என்று பதில் போகும். இருபது நிமிடம் நிம்மதி. பிறகு, "ஆனா நான் வேணும்னே நினைச்சிருந்தா?" ஒரே இரவில் 17 செய்தி வந்த நாளும் உண்டு. ஒவ்வொரு பதிலுக்கும் பலன் குறைந்துகொண்டே வந்தது. கடனை அடைக்கக் கடன் வாங்குவது போல.

மூன்று பத்தித் தாள்

ஐந்தாம் வாரம் பொறுப்பாளர் முறையை மாற்றினார். வீடியோவைச் சரி, தவறு என்று தீர்ப்பதை விட்டுவிட்டு, ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு ஒவ்வொரு வீடியோவையும் பிரிக்கச் சொன்னார்.

முதல் பத்தி: இது எதை விவரிக்கிறது? அறிகுறி, காரணம், நோயின் பெயர் போன்றவை. இதைச் சோதிப்பவர் மருத்துவர் அல்லது உளவியலாளர்.

இரண்டாம் பத்தி: என்ன செய்யச் சொல்கிறது? மூச்சு, எழுத்து, மருந்து, உபவாசம், ஒரு ஜெபம். ஆபத்து உண்டா, இரண்டு வாரம் செய்தால் வாழ்க்கை விரிகிறதா சுருங்குகிறதா என்பதுதான் இங்கே சோதனை.

மூன்றாம் பத்தி: எதை நம்பச் சொல்கிறது? நான் யார், எது நன்மை, யாருக்கு நான் கடமைப்பட்டவள், எதில் என் நம்பிக்கை. விசுவாசத்தின் இடம் இதுதான். வேதமும் சபையும் பேச வேண்டியது இந்தப் பத்தியில்.

"எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்ற 1 தெசலோனிக்கேயர் 5:21-க்கு இரண்டு பாதி உண்டு. சபைகளில் முதல் பாதியைச் சொல்லிச் சந்தேகத்தை வளர்ப்பது எளிதாக நடக்கிறது. தாள் இரண்டாம் பாதிக்கானது: ஒரு வீடியோவில் எதைப் பிடித்துக்கொள்ளலாம்?

ஒரே உட்காரலில் ஐந்து வீடியோ, ஒன்றுக்குப் பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வீடியோவை ஒருமுறை மட்டும் ஓடவிட்டு, அது சொன்னதை அவளே ஒரு வரியில் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். எழுத வராத வீடியோவில் பெரும்பாலும் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை, இசையும் முகபாவமும்தான்.

முதல் வீடியோ 38 நொடி, ‘ஹை-ஃபங்ஷனிங் ஆங்சைட்டி’யின் (வெளியே எல்லாம் சரியாக நடக்க, உள்ளே பதற்றம்) ஐந்து அடையாளங்கள். முதல் பத்தியிலேயே ஒரு செய்தி இருந்தது. இந்தப் பெயரில் ஒரு நோய் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேடான டி.எஸ்.எம்-5-லும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி-11-லும் இல்லை. அடையாளங்கள் பொய் அல்ல. ஆனால் தேர்வுக்கு முந்தின வாரத்தில் யாருக்கும் பொருந்தும். எத்தனை வாரமாக, நாளில் எவ்வளவு நேரம், எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்ற மூன்றும் இல்லாமல் அறிகுறிப் பட்டியலால் பயனில்லை. 2022-ல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வு, ஏ.டி.எச்.டி எனப்படும் கவனக் குறைபாடு பற்றி டிக்டாக்கில் அதிகம் பார்க்கப்பட்ட 100 வீடியோக்களை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 52 தவறாக வழிநடத்துபவை, 27 சொந்த அனுபவம், 21 பயனுள்ளவை. ஒரே நோய், ஒரே செயலி, அதனால் எல்லாவற்றுக்கும் இதை நீட்டக் கூடாது. ஆனாலும் பிள்ளைகளிடம் காட்டத்தக்க கணக்கு.

இரண்டாவது, நான்கு எண்ணி இழுத்து, நான்கு நிறுத்தி, நான்கு விட்டு, நான்கு நிறுத்தும் மூச்சு. அவள் கேட்டாள்: "இது வேற மதத்து வழிபாடா அக்கா?" மூச்சை மெதுவாக்கினால் இதயத்துடிப்பு தணிவது உடலின் வேலை, அது இரண்டாம் பத்தி. "பிரபஞ்ச சக்தி உன்னை நிரப்புகிறது" என்று கீழே எழுதியிருந்தது மூன்றாம் பத்தி. மூன்றாவதை விட்டுவிட்டு இரண்டாவதை வைத்துக்கொள்ளலாம். அப்படியும் மனச்சாட்சி ஒப்பவில்லை என்றால் விட்டுவிடலாம். நடை, குளிர்ந்த நீரில் முகம் கழுவுதல் என்று வேறு வழிகள் உண்டு, இதற்காக வாதாட வேண்டியதில்லை.

மூன்றாவது: "உன் அமைதியைக் கெடுக்கிற யாரையும் வெட்டிவிடு, குடும்பமானாலும் சரி." இங்கே மூன்றாம் பத்திக்குத் தாவுவதற்கு முன் ஒரு கேள்வியைத் தனியாக, அவசரமில்லாமல் கேட்க வேண்டும்: "வீட்டில யாராவது அடிக்கிறாங்களா? தப்பா தொடுறாங்களா? பயமுறுத்துறாங்களா?" ஆம் என்றால் பேச்சு வேறு, பிள்ளையின் பாதுகாப்பும் புகார் செய்யும் கடமையும் முதலில். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்பதை வாயடைக்கும் துணியாக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. இவள் சொன்னது: "இல்லக்கா, அம்மா மார்க்குக்காகத்தான் கத்துவாங்க." அதற்குப் பிறகுதான் கேட்க முடிந்தது: என் அமைதிதான் எல்லாவற்றிலும் பெரியதா, சேதமாகாமல் எல்லை வைப்பதும் உறவை அறுப்பதும் ஒன்றா?

நான்காவது வீடியோ பிரசங்கத் துணுக்கு. 2 தீமோத்தேயு 1:7-ல் ‘பயமுள்ள ஆவி’ என்று வருவதை எடுத்துக்கொண்டு, மனப்பதற்றம் ஓர் ஆவி, மாத்திரை அதற்கு வாசல், இந்த விடுதலை ஜெபத்தை ஏழு தரம் சொல் என்றது. அதே தாள், அதே மூன்று பத்தி. பதற்றத்துக்கு ஒரே காரணம்தான் என்பது முதல் பத்தியில் சோதிக்க வேண்டிய கூற்று. மாத்திரையை விடு என்பது இரண்டாம் பத்தியில் ஆபத்து. பதற்றத்துக்குக் கொடுக்கும் மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், குமட்டல், எரிச்சல், பழைய நோய் திரும்புதல் எல்லாம் வரலாம். மூன்றாம் பத்திக்கு அடுத்த வசனமே போதும்: சாட்சியைக் குறித்து வெட்கப்படாதே என்று தீமோத்தேயுவைத் தைரியப்படுத்தும் பகுதி அது, நோய்ப் பட்டியல் கிடையாது. அதே தீமோத்தேயுவுக்குத்தான் வயிற்றுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்று அதே பவுல் 1 தீமோத்தேயு 5:23-ல் எழுதினார்.

ஐந்தாவது, கண்ணாடி முன் நின்று "நான் போதுமானவள்" என்று சொல்லும் வகை. கேடில்லை, பெரிய பயனும் இல்லை.

தாளில் ஏறவே கூடாத நான்கு வகை உண்டு. பார்த்த அன்றே ஒரு பெரியவரிடம் போக வேண்டியவை: மருந்தை நிறுத்தச் சொல்வது, சாப்பிடாமல் இருந்து குணமாகச் சொல்வது, பெரியவர்களிடம் மறைக்கச் சொல்வது, காயப்படுத்திக்கொள்ளும் முறையைக் காட்டுவது. மூலிகை மாத்திரைகளும் மருத்துவரிடம் கேட்ட பிறகே. செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற செடியின் மாத்திரை மனச்சோர்வு மருந்துகளோடு சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறி உயிருக்கே ஆபத்தாகலாம். ‘இயற்கை’ என்ற சொல் அதைத் தடுக்காது.

தாள் காட்டிக்கொடுத்தது

அடுத்த ஐந்து வீடியோவை வீட்டில் எழுதி வரச் சொன்னார்கள். அவள் கொண்டுவந்த தாளின் மூன்றாம் பத்தி அழிரப்பர் பட்டுப் பட்டு ஓட்டையாகியிருந்தது. பின்பக்கத்திலிருந்து ஒட்டுநாடா போட்டு, அதன் மேல் மறுபடி எழுதியிருந்தாள். இரண்டு வரி எழுத இரண்டரை மணி நேரம். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் பொடி எழுத்தில்: "இதைப் பார்த்ததுக்கு மன்னிப்பு கேக்கணுமா?"

கருவியே சடங்காகிவிட்டிருந்தது. பொறுப்பாளர் வீடியோவை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டார்.

"ராத்திரி ஜெபம் எத்தனை தடவை பண்ணுவ?"

"கணக்கு இல்லக்கா. சரியா வர்ற வரைக்கும்."

சரியா வருவது என்றால்? நடுவில் கெட்ட எண்ணம் ஒன்றும் வரக் கூடாது. வந்தால் முதலிலிருந்து. ‘இயேசுவின் நாமத்தில்’ என்னும்போது மனம் அலைந்தால் முதலிலிருந்து. முப்பது தடவை போன இரவுகள் உண்டு. மத்தேயு 12:31-ல் சொன்ன, மன்னிக்கப்படாத ஆவியானவருக்கு விரோதமான தூஷணத்தைத் தான் செய்துவிட்டதாக மூன்று மாதமாகப் பயம். தூக்கம் கெட்டது போனினால் அல்ல, ஜெபம் முடியாததால். போன் அதற்குப் பிறகு வந்தது, பதில் தேடி.

இது ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயின் மதம் சார்ந்த வடிவம். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்க்ரூப்புலாசிட்டி என்று பெயர். சிறு கூர்ங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செருப்புக்குள் புகுந்த கல், ஒவ்வொரு அடிக்கும் குத்தும். நோய் புதியதல்ல. லொயோலா இஞ்ஞாசியார் 1522-ல் மன்ரேசாவில் அறிக்கையிட்ட பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டுத் தவித்திருக்கிறார். ஜான் பனியன், கிறிஸ்துவை விற்றுவிடு என்ற எண்ணம் தன்னை ஏறக்குறைய ஓர் ஆண்டு துரத்தியதை 1666-ல் வெளியான தன் சாட்சியில் எழுதியிருக்கிறார்.

43 வீடியோவில் ஒன்றுகூட இதைத் தொடவில்லை. மனநல வீடியோக்கள் ‘ஆங்சைட்டி’ என்று பெயர் வைத்து, உன்னை நீயே தேற்றிக்கொள் என்றன. பிரசங்கத் துணுக்குகள் இன்னும் ஜெபி என்றன. அக்காவின் ஆறுதலும் அதே திசையில்தான் போனது. ஓசிடிக்கு இந்த மூன்றும் தீனி. எது சரி, மனநலமா விசுவாசமா என்று கேட்டுக்கொண்டிருந்தால் கடைசிவரை பிடிபட்டிருக்காது.

உண்மையான பக்தியை இதிலிருந்து பிரிக்க மூன்று அடையாளம் உதவும். பக்தி செய்தபின் ஓய்கிறது, இது செய்தபின் இன்னொரு தடவை கேட்கிறது. பக்தி அயலானை நோக்கி விரிகிறது, இது ஒரே புள்ளியில் குறுகுகிறது. சபையிலேயே மிக ஆழ்ந்த விசுவாசிகூட இப்படிச் செய்வதில்லை என்று அந்தப் பிள்ளைக்கே தெரியும்.

கேட்டே ஆக வேண்டிய கேள்வி

அதே அமர்வில் பொறுப்பாளர் நேராகவே கேட்டார்: "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்கா?" கேட்டால் விதை போட்டதாகிவிடும் என்ற பயத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை, பெரும்பாலும் கேட்பதே சுமையை இறக்குகிறது. சுற்றி வளைத்து "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால், இல்லை என்ற பதிலை நாமே எடுத்துக் கொடுத்ததாகும்.

"சாகணும்னு இல்லக்கா. காலையில முழிக்காம இருந்தா நல்லாருக்கும்னு தோணும்."

இதற்கு அடுத்து நான்கு: எப்படி என்று யோசித்ததுண்டா, அதற்கான பொருள் கையருகே உண்டா, எப்போது என்று நினைத்ததுண்டா, முன்பு முயன்றதுண்டா. நான்குக்கும் இல்லை. அதனால் அன்றே பெற்றோருக்குச் செய்தி, அந்த வாரமே மருத்துவர். ஒன்றுக்கு ஆம் என்றிருந்தாலும் பிள்ளையைத் தனியே விடாமல், மாத்திரை, பூச்சிமருந்து, கூர்மையான பொருள்களை அகற்றிவிட்டு, அந்த மணி நேரமே அவசர சிகிச்சைப் பிரிவு. ஜெபம் போகிற வழியில் நடக்கலாம்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்றாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்ற வாக்கைப் பொறுப்பாளர் தொடக்கத்திலேயே தராமல் இருந்தது இங்கே கைகொடுத்தது. "உன் உயிரைப் பத்தின விஷயத்தை நான் மறைக்க முடியாது. ஆனா உன் முதுகுக்குப் பின்னால பேசமாட்டேன். நீயே சொல்றியா, நான் சொல்ல நீ பக்கத்துல உக்காந்திருக்கியா?" இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.

அம்மா அழுதார், பிறகு "வீட்டுல ஜெபம் குறைஞ்சுபோச்சு" என்றார். போதகர் 1 இராஜாக்கள் 19-ஐ வாசித்தார். "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று எலியா கேட்டபின் தூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும், எலியா தூங்கினான், மறுபடி அடை, மறுபடி தண்ணீர். தேவன் கேள்வி கேட்டதும் பேசியதும் எலியா ஓரேப் மலைக்குப் போன பிறகு. அம்மாவிடம் எடுபட்டது விளக்கத்தைவிட அந்த வரிசைதான்.

சிகிச்சை அறையும் சபையும்

குடும்ப மருத்துவர் தைராய்டும் ரத்தசோகையும் இல்லையென்று பார்த்துவிட்டு உளவியலாளரிடம் அனுப்பினார். பிள்ளைகளுக்கான ஓசிடி அளவுகோலான சி.ஒய்-பாக்ஸில் 40-க்கு 23 வந்தது, நடுத்தரம். முதல் வழி ஈ.ஆர்.பி: பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்வது, எதிர்கொண்டபின் சடங்கைச் செய்யாமல் இருப்பது. 7 முதல் 17 வயதுள்ள 112 பேரிடம் 12 வாரம் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், இந்தப் பயிற்சி அடங்கிய சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையும் செர்ட்ராலின் மருந்தும் சேர்ந்து பெற்றவர்களில் 53.6 சதவீதம் பேர் நோய் தணிந்தார்கள். சிபிடி மட்டும் 39.3, மருந்து மட்டும் 21.4, போலி மாத்திரை 3.6. மருந்து பற்றி அப்பா ஒரு வீடியோ பார்த்துப் பயந்திருந்தார். அதில் பாதி உண்மை. 2004-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை போட்டது. சோதனைகளில் தற்கொலை எண்ணமோ நடத்தையோ மருந்து எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம், போலி மாத்திரையில் 2. வீடியோ சொல்லாமல் விட்டது, அந்தச் சோதனைகளில் தற்கொலைச் சாவு ஒன்றும் இல்லை என்பதும், எச்சரிக்கையின் நோக்கம் முதல் வாரங்களில் நெருங்கிக் கண்காணிக்கச் சொல்வது என்பதும். இவளுக்குப் பயிற்சியை மட்டும் முதலில் தொடங்கி, எட்டு வாரத்தில் மறுபரிசீலனை என்று முடிவானது.

போதகரிடம் உளவியலாளர் கேட்டது அரைப்பக்கக் கடிதம். இந்தச் சபையில் சாதாரண விசுவாசியின் பழக்கம் என்ன? இரவில் ஒரு ஜெபம். ஒரு பாவத்துக்கு ஒரு அறிக்கை. மனம் அலைந்தால் அலைந்தபடியே தொடர்வது. கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சிகிச்சை எங்கே போய் நிற்க வேண்டும் என்பதற்கு எல்லைக்கல் அதுதான். பாவம் செய்யவைப்பது ஈ.ஆர்.பி அல்ல; சாதாரண பக்திக்குத் திரும்பவைப்பது. இது தெரியாத சிகிச்சையாளர் தூஷணத்தையே பயிற்சியாகக் கொடுத்தால் பிள்ளை இரண்டாம் அமர்வுக்கு வராது. தெரியாத போதகர் விடுதலைக் கூட்டத்துக்கு அழைத்துப் போனால் சடங்குப் பட்டியலில் ஒன்று கூடும்.

அவளுக்குப் பயம் தரும் செயல்களைப் பயத்தின் அளவுப்படி அடுக்கினார்கள், இதுதான் பயப் படிக்கட்டு, 0 முதல் 100 வரை. 20: ஜெபத்தில் நாக்குத் தடுமாறினாலும் திரும்பத் தொடங்காமல் போவது. 35: ஒரே ஜெபம், ஆமென் சொன்னதும் விளக்கை அணைப்பது. 50: மத்தேயு 12-ஐ ஒருமுறை சத்தமாக வாசித்துவிட்டு எதிர் ஜெபம் செய்யாமல் இருப்பது. 80: புதிதாக அறிக்கையிடாமல் திருவிருந்தில் பங்குபெறுவது.

65-ல்தான் சிக்கல். உளவியலாளர் கொடுத்த வாக்கியம்: "நான் மன்னிக்கப்பட்டேனா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாமலே போகலாம்." போதகர் ஒத்துக்கொள்ளவில்லை, மன்னிப்பின் நிச்சயம் இந்தச் சபையின் அடிப்படைப் போதனை. இருவரும் 40 நிமிடம் பேசி வாக்கியத்தை மாற்றினார்கள்: "மன்னிப்பு கிடைத்த உணர்வு வராமலே நான் இன்று தூங்கப் போகிறேன்." வாக்குத்தத்தம் உணர்வைச் சார்ந்தது அல்ல என்பது போதகரின் போதனை. உறுதி உணர்வுக்காகக் காத்திருக்காதே என்பது சிகிச்சையின் தேவை. இரண்டும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்தன. மூச்சுப் பயிற்சியையும் இந்த நேரத்தில் நிறுத்திவைத்தார்கள். பயத்தை எதிர்கொள்ளும் நேரத்தில் அதைத் தணிக்க மூச்சைப் பிடித்துக்கொண்டால் அதுவும் ஒரு சடங்காகிவிடும்.

மன்னிக்கப்படாத பாவம் பற்றிப் போதகர் ஒரே ஒரு முறை, 20 நிமிடம், சந்தர்ப்பத்தோடு விளக்கினார்: கண்முன் நடந்த நன்மையைப் பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று துணிந்து சொன்னவர்களிடம் இயேசு பேசியது அது. பிறகு அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள், அவளும் சேர்ந்து. வாட்ஸ்அப்பில் பொறுப்பாளரின் பதில் ஒரே வடிவம்: "இதைப் பேசி முடிச்சிட்டோம். பதில் சொல்லமாட்டேன். உன்கூட இருக்கேன்." முதல் வாரம் இது கொடுமையாகத் தெரிந்தது, சொன்னவருக்கும். அம்மாவுக்கு இன்னும் கடினம். சமையலறையில் கேட்டால் வாய்தவறி "ஒண்ணுமில்லடி, மன்னிச்சிட்டாரு" என்று வந்துவிடும். வந்தால் போகட்டும், அடுத்த முறை பார்க்கலாம் என்பதையும் திட்டத்திலேயே எழுதியிருந்தார்கள்.

சறுக்கல்

ஒன்பதாம் அமர்வுக்குப் பின் திருவிருந்து ஞாயிறு. பிரசங்கம் 1 கொரிந்தியர் 11:28, தன்னைத்தானே சோதித்தறிதல். அன்றிரவு 22 தடவை ஜெபம். யார் மேலும் குற்றமில்லை. சபைக்கு அந்தப் போதனை தேவை. பிழை முன்னேற்பாட்டில் இருந்தது: திருவிருந்து எந்த ஞாயிறு என்று உளவியலாளருக்கு யாரும் சொல்லவில்லை. அதன்பின் மாத நாள்காட்டியை முன்கூட்டியே அனுப்பினார்கள். சோதித்தறிதலுக்கு அவளுக்கென ஓர் அளவு வைத்தார்கள்: சனிக்கிழமை மாலை 5 நிமிடம், தாள் இல்லாமல், ஒருமுறை.

14 அமர்வு முடிவில் ஓசிடி அளவுகோலில் 23 இருந்தது 11 ஆனது. மருந்து தேவைப்படவில்லை. தூக்கம் 7 மணி நேரம் தாண்டியது. எண்ணங்கள் வருவது நிற்கவில்லை. நிற்கும் என்று யாரும் சொல்லவும் இல்லை.

மூன்று பத்தித் தாள் அந்தக் கூடுகையில் இப்போதும் புழக்கத்தில் இருக்கிறது, இரண்டு மாற்றங்களோடு. பேனாவில் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. பத்து நிமிடத்தில் எழுதி முடியாதவரிடமிருந்து தாளை வாங்கி வைத்துவிட்டு, பொறுப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும். ஓசிடி இருப்பதாகத் தெரிந்த பிள்ளைக்குத் தாளே கொடுப்பதில்லை. அவள் அதிலிருந்து விலக்குப் பெற்றவள். சேமித்ததில் 6 வீடியோவை வைத்துக்கொண்டு மீதியை நீக்கிவிட்டாள்.